மருந்துக்கும் மனிதனுக்கும் நடுவே நிற்பது யார்?

விசர்நாய் கடித்த ஒருவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும்போது, "அந்தத் தெருவால் நீ ஏன் போனாய்? உன்னை அங்கே போகச் சொன்னது யார்?" என்று வாயிற்படியில் மறித்து நின்று கேட்கும் வைத்தியர் எங்கேனும் உண்டா? கடிபட்டவன் நல்லவனா கெட்டவனா, கள்ளுக்கொட்டிலிலிருந்து வந்தானா கோயிலிலிருந்து வந்தானா என்ற ஆராய்ச்சி எதுவும் அங்கே நடைபெறுவதில்லை. காயத்தைக் கழுவுகிறார்கள், ஊசியைப் போடுகிறார்கள், ஏனையவை பிறகு. 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தமது தடுப்பு மருந்தை ஏற்றிய நாள் முதலாக உலகம் ஒப்புக்கொண்டுள்ள உண்மை ஒன்றுண்டு. கிருமி உடலினுட் புகுந்த பின்னரும், அது நிலைகொள்ளு முன்னர் அதனைத் தடுத்து நிறுத்த முடியும் என்பதே அது. இவ்வுண்மையை நமது கமக்காரருக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

ஆயின், எயிட்ஸ் நோயை விளைக்கும் எச்.ஐ.வி. என்னும் கிருமிக்கும் இத்தகைய மருந்து உண்டு என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்? பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணோ ஆணோ, ஆணுறை கிழிந்தமையால் அஞ்சும் கணவனோ மனைவியோ, ஓர் இரவின் மயக்கத்தில் எச்சரிக்கையை மறந்த இளைஞனோ, யாராயினும் சரி, 72 மணித்தியாலங்களுக்குள் குளிசைகளை விழுங்கத் தொடங்கி, 28 நாட்கள் ஒரு நாளும் தவறாது உட்கொள்வராயின், அக்கிருமி அவர்தம் உடலிற் குடியேறாமல் தடுப்பதற்குப் பெரும் வாய்ப்புண்டு. 72 மணித்தியாலம் என்பது கடைசி எல்லை. அதற்குள் எப்போது தொடங்கினாலும் ஒன்றே என்று எண்ணுவது பெருந்தவறு. இரண்டாம் மணித்தியாலத்தில் விழுங்கிய குளிசைக்கும் எழுபதாம் மணித்தியாலத்தில் விழுங்கிய குளிசைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

காரணம் எளிது. உடலுறவின் வழியே புகும் இக்கிருமி முதலிற் சவ்வுத்தோலின் கீழுள்ள சில உயிரணுக்களையே பற்றுகின்றது. அங்கிருந்து நிணநீர்க் கணுக்களைச் சென்றடைய இரண்டு மூன்று நாட்கள் எடுக்கின்றது. அதன்பின் தனது மரபுச் செய்தியை நமது உயிரணுக்களின் மரபுப் பொருளோடு சேர்த்து எழுதி விடுகின்றது. எழுதியதை அழிப்பதற்குச் சாதாரணச் சிகிச்சை எதுவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் மருந்தால் அடக்கி வைக்கலாம், அவ்வளவே. வயலில் விழுந்த களைவிதையை முளைக்கு முன் பொறுக்கிவிடலாம். கோரை கிழங்கு வைத்த பின் எத்தனை சால் உழுதென்ன? கிருமி தன்னைப் படியெடுப்பதையும், தன்னை எழுதிக்கொள்வதையும் தடுப்பனவே இக்குளிசைகள். இன்று பெரும்பாலும் வழங்கப்படுபவை டெனோபோவிர், லமிவுடின், டொலுட்டெகிராவிர் என்னும் மூன்றுமாம்.

72 என்றும் 28 என்றும் சொல்லப்படும் இவ்வெண்கள் சோதிடத்தால் வந்தவையல்ல. 1998இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், குரங்குகளின் குருதியில் இக்கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு கிருமியை ஏற்றிப் பின்னர் மருந்து கொடுத்துப் பார்த்தனர். 24 மணித்தியாலத்தில் தொடங்கி 28 நாட்கள் மருந்து பெற்ற குரங்குகள் அனைத்தும் தப்பின. 48 அல்லது 72 மணித்தியாலம் தாமதித்துத் தொடங்கியவற்றுள்ளும், மூன்று நாளோ பத்து நாளோ மட்டும் மருந்து பெற்றவற்றுள்ளும் எல்லாம் தப்பவில்லை. மனிதரிடத்து இவ்வாறு பரீட்சித்துப் பார்ப்பது அறமாகாது. பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மாவுக் குளிசையும் கொடுத்துவிட்டு யார் நோயாளியாகிறார் என்று காத்திருக்க எந்த வைத்தியனுக்கு மனம் வரும்? எனினும் 1997இல் வெளியான ஆய்வொன்று வழிகாட்டிற்று. பிரான்சு, இத்தாலி, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்திய ஆஸ்பத்திரி ஊழியர்களை ஒப்புநோக்கிய அவ்வாய்வு, ஏ.இஸட்.ரி. என்னும் ஒற்றை மருந்தை உட்கொண்டவர்களுக்குத் தொற்றும் அபாயம் நூற்றுக்கு 81 பங்கு குறைந்தது எனக் கண்டது.

இங்கேதான் அரசியல் தொடங்குகின்றது.

ஊசி குத்திய தாதிக்கு மருந்து கொடுப்பதில் உலகில் எந்த ஆஸ்பத்திரியும் அதிகம் தயங்கியதில்லை. நள்ளிரவானாலும் அலுமாரியைத் திறந்தார்கள். அதே நள்ளிரவில், அதே ஆஸ்பத்திரிக்கு, அதே கிருமிக்கு அஞ்சி, கிழிந்த உடையோடு ஓடிவந்த பெண்ணுக்கு அதே அலுமாரி திறக்கப்படவில்லை. குருதியுட் புகும் கிருமி, தான் ஊசியின் வழியே வந்ததா உடலின் வழியே வந்ததா என்று பார்ப்பதில்லை. பார்த்தவர்கள் மனிதர்களே. உழைப்பினால் வந்த ஆபத்து கௌரவமானது, உடலுறவினால் வந்த ஆபத்து வெட்கத்துக்குரியது என்ற எழுதாச் சட்டம் ஒன்று மருத்துவ நூல்களுக்குள்ளேயே புகுந்திருந்தது. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு நிலையம் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு இம்மருந்தை 1996இலேயே பரிந்துரைத்தது. உடலுறவால் ஆபத்துக்குள்ளானோருக்குப் பரிந்துரைக்க 2005 ஜனவரி வரை காத்திருந்தது. போதிய சான்று இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அது முற்றிலும் பொய்யன்று; ஆனால் முற்றிலும் மெய்யுமன்று.

இந்த வேறுபாடு எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்குத் தென்னாபிரிக்காவை நோக்குவோம். அந்நாடு நம்மவர்க்குப் புதியதன்று. 1860 முதலாகச் சென்னையிலிருந்து கப்பலேறி நேற்றாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் டர்பன் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இன்றும் வாழ்கின்றனர். நிறவெறியை எதிர்த்து அந்நாட்டு மக்கள் நடத்திய போராட்டத்தை இப்பக்கங்களைப் படிப்போர் தமது போராட்டம்போற் போற்றி வந்திருக்கின்றனர். ஆதலாற்றான் இக்கதையைச் சொல்வது வேதனை தருகின்றது. மருந்தை மறுத்தது வெள்ளையர் ஆட்சியன்று; மக்கள் தம் இரத்தத்தால் எழுப்பிய மக்களாட்சியே.

2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் அரசாங்கச் சிகிச்சை நிலையங்களிற் பரிசோதிக்கப்பட்ட கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 24 பேருக்கு மேல் இக்கிருமியைத் தாங்கியிருந்தனர். அக்காலத்திற் பொலிசாரிடம் பதிவாகிய பலாத்கார முறைப்பாடுகள் ஆண்டொன்றுக்கு 50,000க்கு மேற்பட்டன. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு வேறு விளக்கம் வேண்டுமோ? 1999இல் சார்லின் ஸ்மித் என்னும் பத்திரிகையாளர், தமக்கு நேர்ந்த கொடுமையைத் தமது சொந்தப் பெயரிலேயே பத்திரிகையில் எழுதினார். காயத்தோடு நின்ற தாம் இம்மருந்தைப் பெறுவதற்கு எவ்வாறு போராட நேர்ந்தது என்பதை நாடறியச் செய்தார். படித்தவரும் வழிவகை அறிந்தவருமான ஒருவருக்கே அந்நிலை என்றால், கிராமத்திலிருந்து லொறியில் ஏறிவந்த ஏழைப் பெண்ணின் நிலை என்னவாயிருக்கும்?

அவ்வாண்டின் ஜூன் மாதத்திலே தாபோ உம்பெக்கி ஜனாதிபதியானார். ஒக்டோபரிலே, மாகாணங்களின் தேசிய சபையில் எழுந்து, ஏ.இஸட்.ரி. நச்சுத்தன்மை வாய்ந்தது என்றும் அதனை ஆராய வேண்டும் என்றும் பேசினார். எயிட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்ற கேள்வியைக் கிளப்பியோருக்கு 2000ஆம் ஆண்டில் ஆலோசனைக் குழுவிலே ஆசனமளித்தார். அவ்வாண்டு ஜூலை மாதம் டர்பனில் உலக எயிட்ஸ் மகாநாடு கூடியபோது, 5,000க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் கையொப்பமிட்டு, கிருமியே காரணம் என்று பிரகடனம் செய்ய வேண்டி நேர்ந்தது. சூரியன் கிழக்கே உதிக்கின்றது என்று கையொப்பமிட்டு அறிவிப்பது போன்றதன்றோ இது!

உம்பெக்கியின் ஐயத்தை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. நிறவெறி அரசாங்கம் இரசாயன, உயிரியல் ஆயுதங்களை இரகசியமாக ஆராய்ந்த செய்தி 1998இல் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னிலையில் வெளியாகியிருந்தது. வெள்ளைக் கோட்டு அணிந்தோர் கறுப்பு மக்களைக் கொல்வதற்கு மருந்து தேடிய நாட்டிலே, மேனாட்டுக் கம்பெனியின் மருந்தின்மீது சந்தேகம் எழுவது இயல்பு. அம்மருந்தின் விலையும் கொள்ளை விலைதான். ஆனால் சந்தேகம் கொள்வதற்கு உரிமையுள்ள தலைவன், அச்சந்தேகத்தின் செலவைத் தானே செலுத்த வேண்டும். உம்பெக்கியின் சந்தேகத்துக்கு விலை கொடுத்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பெண்களே. ஆட்சியாளரின் தத்துவ ஆராய்ச்சி முடியும்வரை கிருமி காத்திருக்கவில்லை.

உம்புமலங்கா மாகாணத்தில் நெல்ஸ்புருட் என்றொரு நகர் உண்டு. அங்கே பலாத்காரத்துக்கு ஆளானோருக்கு உதவுவதற்காகத் தொண்டர் சிலர் 2000ஆம் ஆண்டில் 'கிரிப்' என்ற பெயரில் ஓர் அமைப்பை நிறுவினர். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓர் அறை. உட்கார ஒரு நாற்காலி. மாற்றி உடுத்த உடை. ஆறுதல் சொல்ல ஒருவர். இவற்றோடு, தாம் திரட்டிய பணத்திற் பெற்ற மருந்து. அரசாங்கத்திடம் அவர்கள் கேட்டது அந்த அறை ஒன்றையே. மாகாணத்தின் சுகாதாரப் பொறுப்பாளர் சிபொங்கிலே மனானா என்பவர் அவ்வறையையும் விட்டு வெளியேறுமாறு பணித்தார். மருந்து அரசாங்கக் கொள்கைக்கு விரோதமானதாம்! ரொப் பெரேரா ஆஸ்பத்திரியின் அத்தியட்சகராயிருந்த டாக்டர் தைஸ் வொன் மொலண்டோர்ப், அத்தொண்டர்களை வெளியேற்றாமல் இடமளித்தார். அக்குற்றத்துக்காக 2002இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

நோயாளிக்கு மருந்து கிடைக்க இடம்விட்ட வைத்தியருக்கு வேலை பறிபோயிற்று. இதில் ஒழுக்க வாதத்துக்கும் இடமில்லை என்பதை வாசகர் கவனிக்க. பலாத்காரத்துக்கு ஆளானவளை எந்தச் சமயமும் குற்றவாளி என்று சொல்லவில்லை. எவராலும் பழிசொல்ல முடியாத அவளுக்கே மருந்து மறுக்கப்பட்டதென்றால், 'தானே தேடிக்கொண்டவன்' என்று ஊர் தூற்றும் ஒருவனுக்கு அந்த அலுமாரி எப்போது திறக்கும்?

மக்கள் வாளாவிருக்கவில்லை. 'சிகிச்சை நடவடிக்கை இயக்கம்' வீதியில் இறங்கிற்று; நீதிமன்றத்துக்கும் சென்றது. 2002 ஏப்ரல் 17ஆம் நாள் மந்திரிசபை தனது நிலையை மாற்றி, பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இம்மருந்து வழங்கப்படும் என்று அறிவித்தது. அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாள், தாயிடமிருந்து சிசுவுக்கு நோய் பரவாது தடுக்கும் மருந்தைக் கட்டுப்படுத்தி வைப்பது அரசியலமைப்புக்கு முரண் என அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் சென்ற காலம் சென்றதே. 2000 முதல் 2005 வரை எச்.ஐ.வி. மருந்துகளை உரிய காலத்தில் வழங்காமையால் 3,30,000க்கு மேற்பட்ட உயிர்கள் வீணாயின என ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இற் கணக்கிட்டனர். இக்கணக்கு நோயாளிகளுக்கான சிகிச்சையையும் தாய்சேய்த் தடுப்பையும் பற்றியது. பலாத்காரத்தின் பின் மருந்தின்றித் திரும்பிச் சென்றோர் இதிற் சேரவில்லை. அவர்களை எண்ணுவதற்கு ஓர் ஏடும் இருக்கவில்லை.

பிற்காலத்தில் அந்நாடு செய்த நற்செயல் ஒன்றைச் சொல்லாது விடலாகாது. 2007ஆம் ஆண்டின் பாலியற் குற்றச் சட்டம், 72 மணித்தியாலத்துக்குள் பொலிசில் முறையிட்டவர் மாத்திரமன்றி, பொலிசுக்குப் போகாமல் நியமிக்கப்பட்ட ஆஸ்பத்திரியிலே நேரே அறிவித்தவரும் அரசாங்கச் செலவில் இம்மருந்தைப் பெறலாம் என்று விதித்தது. முறைப்பாடு வேறு, மருந்து வேறு எனப் பிரித்து வைத்த இந்த ஒரு வரி, பல சட்டப் புத்தகங்களுக்கு ஒப்பானது. குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்ணும், முறையிட்டால் உயிர் போகும் என்று அஞ்சும் பெண்ணும், வழக்கைப் பற்றிப் பத்து நாள் யோசிக்கலாம். மருந்தைப் பற்றி யோசிக்க அவர்களுக்குப் பத்து நாள் இல்லை. 'துத்துசெலா' என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே ஆஸ்பத்திரிகளில் நிறுவப்பட்ட நிலையங்கள், வைத்தியர், பொலிஸ், வழக்குத் தொடுநர், ஆற்றுப்படுத்துநர் ஆகியோரை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தன. சோசா மொழியில் அச்சொல்லுக்கு ஆறுதல் என்பது பொருள்.

இனி, இம்மருந்துக்கு எதிராக எங்கும் கேட்கும் வாதத்துக்கு வருவோம். "பின்னால் மருந்துண்டு என்று தெரிந்தால் இளைஞர் கெட்டுப் போவர், கட்டுப்பாடு தளரும்" என்கின்றனர் சிலர். நல்லெண்ணத்தோடு சொல்வோரும் அவர்களுள் உளர். இவ்வச்சத்தை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிற் பரீட்சித்தே பார்த்துவிட்டனர். 1997 முதல் அங்கே உடலுறவால் ஆபத்துக்குள்ளான நூற்றுக்கணக்கானோருக்கு இம்மருந்தையும் அதனோடு அறிவுரையையும் வழங்கி, ஓராண்டு வரை அவர்களைத் தொடர்ந்து விசாரித்தனர். பெரும்பாலானோரிடம் ஆபத்தான நடத்தை முன்னையினும் குறைந்திருந்ததே கண்டது. இதில் வியப்பென்ன? ஒரு மாதம் நாள்தோறும் குமட்டலோடு குளிசை விழுங்கி, இரத்தப் பரிசோதனையின் முடிவுக்காக நெஞ்சு படபடக்கக் காத்திருந்தவன் அந்த அனுபவத்தை இலேசில் மறப்பானா? பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் மருந்திருக்கிறது என்பதற்காகப் புடையன் கிடக்கும் பற்றைக்குள் எந்தக் கமக்காரனும் வேண்டுமென்றே கால் வைப்பதில்லை.

மருந்தின் எல்லைகளையும் மறைத்தலாகாது. ஒளித்து விற்கும் சரக்கன்று இது. நூற்றுக்கு நூறு காக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஏற்கெனவே கிருமி தொற்றியவருக்கு இது போதாது. ஆதலால் தொடக்கத்திலே இரத்தப் பரிசோதனை வேண்டும், எனினும் அதன் முடிவு வரும்வரை முதற் குளிசையை நிறுத்தி வைத்தல் கூடாது. சிறுநீரகக் கோளாறுடையோரையும், ஈரலைத் தாக்கும் பீ வகைக் கிருமியைத் தாங்கியோரையும் வைத்தியர் தனியே கவனித்தல் வேண்டும். மற்றவர் எச்.ஐ.வி. நோயாளியே ஆயினும், முறையாக மருந்துண்டு அவரது இரத்தத்திற் கிருமி காணவியலாத அளவுக்கு அடங்கியிருக்குமாயின், உடலுறவால் அது பரவுவதில்லை. அங்கே இந்தத் தடுப்பு மருந்துக்கே தேவையில்லை. அடிக்கடி ஆபத்துக்குள்ளாவோருக்கு, முன்னதாகவே உட்கொள்ளும் தடுப்பு மருந்து தனியே உண்டு.

இவை எல்லாவற்றிலும் பெரிய குறை, தொடங்கியவர் முடிப்பதில்லை என்பது. பாலியல் வன்முறைக்கு ஆளாகி இம்மருந்தைத் தொடங்கியோரைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2012இல் ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரே 28 நாட்களும் ஒழுங்காக உட்கொண்டனர் என்று தெரிந்தது. பழைய மருந்துகளின் குமட்டலும் களைப்பும் ஒரு காரணம். ஆனால் அதுமட்டுமா? குளிசைப் போத்தலைத் தாய் கண்டால் என்ன சொல்வது, கணவன் கண்டால் என்ன நேரும் என்று ஒளித்து ஒளித்து உண்ணும் மருந்தை எத்தனை நாள் உண்ண முடியும்? ஒவ்வொரு நாட் காலையிலும் அந்தக் குளிசை, மறக்க விரும்பும் இரவையல்லவா நினைவூட்டுகின்றது? இருபத்தெட்டு நாட்களுக்கு உரிய மருந்தை முதல் நாளிலேயே கையிற் கொடுத்து, இடையிடையே ஒருவர் அன்போடு விசாரித்து வந்தால் முடிப்போர் தொகை கூடும். உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியில், பெரிய ஆஸ்பத்திரிகளோடு நில்லாமல் ஊர்ப்புறங்களிலும், வைத்தியரோடு நில்லாமல் பயிற்சி பெற்ற ஏனைய சுகாதார ஊழியர் மூலமாகவும் இம்மருந்தை வழங்குமாறு கூறியிருப்பது இக்காரணங்களை உணர்ந்தே.

நமது நாட்டுக்கு வருவோம். முதலாவது இலங்கையர் இந்நோயுடன் கண்டறியப்பட்டது 1987இல். அதன்பின் நோய் இங்கே ஆபிரிக்காவிற் போலப் பரவவில்லை; தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த நாடு என 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழையும் இலங்கை பெற்றது. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவும் இரகசியமாகவும் ஆலோசனை பெறலாம். ஆட்சியாளரை எதற்கெடுத்தாலும் குறை கூறுவோர் என்று நம்மைப் பழிப்போர்க்காக இதனை முதலிற் சொல்லி வைக்கின்றோம்.

ஆனால் சிகிச்சை நிலையம் இருப்பது வேறு. சனிக்கிழமை இரவில், பேருந்து ஓடாத கிராமத்திலிருந்து புறப்பட்டு, திங்கட்கிழமை பகலில் அதன் கதவைக் கண்டுபிடிப்பது வேறு. அதற்குள் எத்தனை மணித்தியாலம் கழிந்துவிடும்? நமது பகுதியிலுள்ள ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில், முதல் சில நாட்களுக்குப் போதிய குளிசைகள் எந்நேரமும் உண்டா? இரவுக் கடமையிலிருக்கும் இளம் வைத்தியருக்கும் தாதிக்கும் அவை எந்த அலுமாரியில் உள்ளன, திறப்பு யாரிடம் உள்ளது என்பது தெரியுமா? இவ்வினாக்களை நமது வைத்தியர்கள் தத்தம் ஆஸ்பத்திரியில் எழுப்புதல் வேண்டும். பாராளுமன்றத்தில் நம் பெயரால் அமர்ந்திருப்போர் சுகாதார அமைச்சரிடம் எழுப்புதல் வேண்டும். நாலு வரிக் கேள்வி. விடை தெரிந்தால் நாடு அறியட்டும்.

சட்டம் பயின்றோருக்கும் இங்கே வேலையுண்டு. வாக்குமூலம் முடிந்த பின்னரே வைத்தியம் என்ற எண்ணம் பொதுமக்களிடமும் சில அலுவலரிடமும் இருக்குமாயின், அதனைக் களைவது அவர்தம் கடமை. தமிழ் மட்டுமே அறிந்த பெண்ணொருத்தி, தனக்கு விளங்காத மொழியில் எழுதப்படும் வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வரும்வரை வாங்கிலிற் குந்தியிருப்பாளாயின், 1956 முதலாக நாம் பேசிவரும் மொழியுரிமை அவளுக்கு மேடைப் பேச்சன்று. அது மணிக்கணக்கில் அளக்கப்படும் பொருள். ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவையும் இங்கே நினைக்க வேண்டும். வெள்ளையன் விட்டுச் சென்ற அச்சட்டத்துக்கு அஞ்சி வைத்தியரிடம் பாதி உண்மை பேசும் இளைஞன், பாதி வைத்தியத்தோடு திரும்புவான்; அவனை மணம் முடிக்கும் பெண்ணும் அதற்கு விலை கொடுப்பாள். இச்சட்டத்தைப் பற்றி நம்மவரிடையே கருத்து வேற்றுமை உண்டென்பதை அறிவோம். கருத்து எதுவாயினும், அந்த இளைஞனின் மூன்று நாள் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

கமம் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகளுக்கோ மகனுக்கோ மருமகளுக்கோ இப்படியொன்று நேர்ந்து, அவர் உங்களிடம் வாய்திறந்து சொன்னால், ஊர் என்ன சொல்லும் என்று இரவிரவாகக் கூடிப் பேசாதீர்கள், சாத்திரியாரிடமும் ஓடாதீர்கள். குளித்து உடைமாற்றச் சொல்லாதீர்கள். அவை பின்னர் சாட்சியமாகக்கூடும். அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அன்றிரவே கூட்டிச் செல்லுங்கள். வைத்தியரிடம், இத்தனை மணிக்கு நேர்ந்தது, எச்.ஐ.வி. தடுப்புக் குளிசை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பெண்ணாயின் கருத்தடுப்பு மருந்தையும், ஏனைய பாலியல் நோய்களுக்கான சிகிச்சையையும் கூடவே கேளுங்கள். அங்கே இல்லை என்றால், எங்கே உண்டு, எந்த வாகனத்தில் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அவ்விடத்தை விட்டு அகலாதீர்கள்.